அரை நொடிக் காவல்

செப்டம்பர் 5, வியாழன்

முதலாளி இன்று எங்கள் அறைக்கே வந்துவிட்டார். ஹெரான்ஸ் என்கிற அமெரிக்க ஃபுட்பால் அணியும் அவருடையது, ஏரிக்கரையில் இருக்கும் ஸ்டேடியமும் அவருடையது. கம்ப்யூட்டர் முன்னால் ஏழு பேர் உட்கார்ந்திருக்கிறோம். என்னைத் தவிர எல்லாரும் ஆண்கள். அவர் நின்றபடியே கேட்டார்: பதினேழு ஆட்டம் உள்ள ஒரு சீசனில் ஜெயிக்கிற அணி எதனால் ஜெயிக்கிறது? பயிற்சியாளராலா, நட்சத்திர ஆட்டக்காரர்களாலா, அதிர்ஷ்டத்தாலா? எண்களில் பதில் வேண்டுமாம். எங்கள் மேலாளர் வேட் என்னைக் கைகாட்டிவிட்டார். போன மாதம்தான் வேலையில் சேர்ந்தவள், அதனால் என் தலையில் விழுந்தது.

வீட்டில் அத்தானிடம் சொன்னேன். அவர் கோவில்பட்டியில் பன்னிரண்டு வருஷம் இயற்பியல் சொல்லிக்கொடுத்தவர். இங்கே வேலை அனுமதி வரும்வரை வீட்டில் இருக்கிறார். "பேரு ஃபுட்பால், ஆனா காலால தொடுததே இல்லியே. இதுல என்னத்த கண்டுபிடிப்ப?" என்று சிரித்தார்.

சிரிக்கட்டும். இந்த வேலை இருந்தால்தான் எங்கள் இரண்டு பேர் விசாவும்.

செப்டம்பர் 15, ஞாயிறு

இரண்டாவது ஆட்டம், இரண்டாவது வெற்றி.

எமெட் கோல் பற்றி எழுதியாக வேண்டும். ஆட்டக்காரர்களில் எங்கள் அறைப்பக்கம் வருகிற ஒரே ஆள். ஆறரை அடி, நூற்று நாற்பது கிலோ. வந்தால் வாசல் அடைத்துக்கொள்ளும். குரல் மட்டும் மெல்லிசு. ஆட்டம் முடிந்த மறுநாள் வந்து, "என் கணக்கைக் காட்டு" என்பான். எல்லா ஆட்டக்காரர்களின் தோள்கவசத்துக்குள்ளும் சின்ன சில்லு ஒன்று உண்டு. யார் எப்போது எங்கே அசைந்தார்கள் என்று அது சொல்லிவிடும்.

அத்தானுக்குப் புரிய வைத்ததையே இங்கும் எழுதுகிறேன். பந்தை எறிகிறவன் வலதுகைக்காரன் என்றால், எறியத் திரும்பும்போது இடது பக்கம் அவன் கண்ணுக்குத் தெரியாது. அங்கிருந்து ஒருவன் ஓடிவந்து அவன் முதுகில் மோதலாம். மோதவிடாமல் மறிக்கிறவன்தான் எமெட். பந்து அசைந்ததும் யார் முதல் அடி வைக்கிறார்கள் என்பதில் இருக்கிறது எல்லாம். எமெட் கால் நொடிக்குள் வைத்துவிடுவான். முப்பத்தொரு வயது, லீக்கில் அவனைவிட வேகமான ஆட்கள் இரண்டே பேர்.

அக்டோபர் 6, ஞாயிறு

ஐந்தில் நான்கு வெற்றி. முதலாளியின் கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டது என்று நினைக்கிறேன். பத்து வருஷத்து ஆட்டங்களைப் போட்டுப் பார்த்தேன். பந்தைப் பறிகொடுக்காத அணி ஜெயிக்கிறது. எறிகிறவனுக்கு அரை நொடி கூடுதலாகக் கிடைத்தால் அவன் பறிகொடுப்பதில்லை. எங்கள் அணியில் அந்த அரை நொடியைக் கொடுக்கிறவன் எமெட். அவன் உட்கார்ந்து வேறு ஆள் நின்ற ஆட்டங்களில் அந்த அரை நொடி இல்லை, வெற்றியும் இல்லை.

வேட் அதைப் படித்துவிட்டு நேரே தலைமைப் பயிற்சியாளரிடம் எடுத்துக்கொண்டு போனார். எனக்குக் கொஞ்சம் பெருமைதான்.

அக்டோபர் 13, ஞாயிறு

வென்றோம். 27-20. வந்து ரசம் வைத்தேன்.

அக்டோபர் 22, செவ்வாய்

எமெட்டின் முதல் அடி தாமதமாகிறது. இரண்டு ஆட்டமாக. நூற்றில் ஏழு பங்கு நொடி. கண் இமைக்கிற நேரத்தில் பாதிகூட இல்லை. சில்லு பழுதாக இருக்கும் என்று கருவிகள் பார்க்கிற ஆளிடம் சொல்லி மாற்றச் சொன்னேன். மாற்றிவிட்டார்கள்.

துணி துவைக்கப் போட்டேன். மெஷினுக்கு முன்னாலேயே நின்றிருந்தேன் போலிருக்கிறது. அத்தான் வந்து, சுற்றி முடித்து வெகுநேரம் ஆயிற்று என்றார்.

அக்டோபர் 28, திங்கள்

நேற்றும் வெற்றி. புதுச் சில்லும் அதையே சொல்கிறது.

காலையில் எமெட் வந்தான். என் ஊரில் இப்போது மழைக்காலமா என்று கேட்டான். ஆமாம், ஐப்பசி மழை, ஆனால் எங்கள் பக்கம் கரிசல் காடு, கொஞ்சமாகத்தான் பெய்யும் என்றேன். அவன் எண்களைப் பார்த்தான். வாசல்வரை போய்த் திரும்பி நின்று, "உன் ஊரில் இப்போது மழைக்காலமா?" என்றான்.

நான் மறுபடியும் அதே பதிலைச் சொன்னேன். முதல்தடவை கேட்கிறவன் மாதிரியே தலையாட்டிக் கேட்டுக்கொண்டான்.

அக்டோபர் 29, செவ்வாய்

வேட்டிடம் சொல்லிவிட்டேன். எண்களைக் காட்டினேன், மழைக்காலக் கதையையும் சொன்னேன். கதவைச் சாத்திவிட்டுக் கேட்டார். எமெட்டை அணி மருத்துவர் பார்த்தாயிற்று, கேள்விகளுக்கெல்லாம் ஒழுங்காகப் பதில் சொல்லித் தேறிவிட்டான் என்றார். சீசன் நடுவில் முழங்கால், முதுகு என்று எல்லாருக்குமே வேகம் குறையும் என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, இதை எழுத்தில் எங்கேயும் வைக்காதே என்றார்.

நான் எழுந்தபோது உட்காரச் சொன்னார். "வேகம் குறைந்தது நமக்குத் தெரிகிறது என்றால் அதை மறைக்கவும் முடியுமே. அவனுக்கு எந்த இடத்தில் துணை கொடுத்தால் சரியாகும்? ஞாயிற்றுக்கிழமைக்குள் பார்த்துச் சொல்."

சரி என்றேன். எதற்காகச் சரி என்றேன் என்று தெரியவில்லை.

நவம்பர் 3, ஞாயிறு

நான் போட்டுக்கொடுத்த திட்டம் பலித்தது. எமெட்டுக்குப் பக்கத்தில் இன்னொருவனை நிறுத்தி முதல் மோதலை அவன் வாங்கிக்கொள்ளும்படி செய்திருந்தேன். எறிகிறவன் மேல் ஒரு கைகூடப் படவில்லை. 31-10. தலைமைப் பயிற்சியாளர் எல்லாருக்கும் முன்னால் என் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

கை ஜில்லென்று இருக்கிறதே என்றார்.

நவம்பர் 8, வெள்ளி

பயிற்சி மைதானத்துக்குக் குடும்பங்கள் வருகிற நாள். கார் நிறுத்தும் இடத்தில் ஒரு பெண் என்னை மறித்தாள். எமெட்டின் மனைவி டெல்ஃபின். பள்ளிக்கூட நூலகத்தில் வேலை பார்க்கிறவள். எமெட் என்னைப் பற்றிச் சொல்லியிருக்கிறானாம்.

கையில் கார்சாவியை வைத்துத் திருகிக்கொண்டே பேசினாள். ஒருவாரமாகக் காலையில் வாந்தி எடுக்கிறானாம். கேட்டால் மாத்திரை ஒத்துக்கொள்ளவில்லை என்கிறானாம். முந்தாநாள் குளியலறையில் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றானாம். மருத்துவரிடம் போனால் உட்காரவைத்துவிடுவார்கள், இந்த வருஷம் கோப்பைவரை போகலாம், இது போனால் எனக்கு இன்னொன்று கிடையாது என்கிறானாம்.

"நீங்கள்தான் எல்லாவற்றையும் அளக்கிறீர்கள். அவனிடம் ஏதாவது மாறியிருக்கிறதா?"

எனக்குப் பின்னால் பத்தடியில் வேட் யாருடனோ பேசிக்கொண்டிருந்தார்.

"அப்படி எதுவும் எனக்குத் தெரியவில்லை" என்றேன்.

நன்றி சொல்லி என் தோளைத் தொட்டுவிட்டுப் போனாள்.

நவம்பர் 10, ஞாயிறு

வென்றோம். பத்தில் எட்டு. ஊரே கொண்டாடுகிறது.

அக்டோபர் 13-ம் தேதி ரசம் வைத்தேன் என்று எழுதியிருக்கிறேன். அதற்கு முன்னால் நடந்ததை எழுதவில்லை. அன்று மூன்றாம் கால்பகுதியில் எமெட் விழும்போது, பின்னால் வந்தவனின் முழங்கால் அவன் ஹெல்மெட்டில் பட்டது. எழுந்து நாலடி எதிரணியின் பக்கமாக நடந்தான். யாரோ தோளைப் பிடித்துத் திருப்பிவிட்டார்கள். எல்லாரும் பந்து போன திசையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் எமெட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கு அன்றைக்கே தெரியும்.

எப்படித் தெரியும் என்பதையும் எழுதிவிடுகிறேன். நான் ஒன்பதாவது படிக்கும்போது அப்பா தீப்பெட்டி ஆபீஸில் லாரியிலிருந்து சரக்கு இறக்கும்போது விழுந்தார். பின்மண்டை. எழுந்து மண்ணைத் தட்டிக்கொண்டு, ஒண்ணுமில்ல என்றார். ஒரு மாதம் வேலைக்குப் போனார். தலைவலி என்று தைலம் தேய்த்துக்கொண்டார். சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டுக்கொண்டு வருவார், நானும் தம்பியும் சிரிப்போம். கேட்டதையே கேட்பார், அதற்கும் சிரிப்போம். ஐந்தாவது வாரம் ஒருநாள் காலையில் காப்பி டம்ளரோடு சாய்ந்தார். மூளைக்கு மேலே ரத்தம் சொட்டுச் சொட்டாகக் கசிந்து தேங்கியிருந்ததாம். முன்னாலேயே கொண்டுவந்திருந்தால் சின்ன ஓட்டை போட்டு எடுத்திருக்கலாம் என்றார் பாளையங்கோட்டை டாக்டர்.

அக்டோபர் 13-லிருந்து இன்றைக்கு நான்கு வாரம்.

நவம்பர் 12, செவ்வாய்

அத்தானிடம் எல்லாவற்றையும் சொன்னேன். காய் நறுக்கிக்கொண்டிருந்தவர் கத்தியைக் கீழே வைத்துவிட்டார்.

அணி மருத்துவரிடம் நேற்றே போனேன் என்றும் சொன்னேன். அவர் எண்கள் இருந்த தாளை வாங்கி மேசைக்குள் வைத்துவிட்டு, வேட்டுக்குத் தெரியுமா என்றுதான் கேட்டார். ஒரு மணி நேரத்தில் வேட் வந்தார். வேலைக்குச் சேரும்போது போட்ட கையெழுத்தை ஞாபகப்படுத்தினார். ஆட்டக்காரரின் உடம்பைப் பற்றி வெளியே ஒரு வார்த்தை போனாலும் வேலை போகும், வழக்கும் வரும். கோபப்படாமல்தான் சொன்னார். அவர் கோபப்பட்டிருந்தால் இவ்வளவு பயந்திருக்க மாட்டேன்.

"அவன் பொண்டாட்டிகிட்ட சொல்லிரு" என்றார் அத்தான்.

"அவ சொன்னா அவன் கேக்கமாட்டான். அவளே சொல்லிட்டா."

"வேற யாரு சொன்னா கேட்டே ஆகணும்?"

யோசித்தேன். ஆட்டம் நடக்கிற நாளில் மைதான ஓரத்தில் ஒரு மருத்துவர் நிற்பார். எந்த அணிக்கும் சேராதவர், லீக் அனுப்புகிற தலைக்காய நிபுணர். அவர் வேண்டாம் என்றால் பயிற்சியாளரும் ஒன்றும் செய்யமுடியாது.

"அப்ப ஞாயித்துக்கிழமை. ஊருக்குப் போகணும்னா போவோம் வல்லி. பள்ளிக்கூடத்துல என்னைச் சேத்துக்கிடாமலா போயிருவாங்க."

சொல்லிவிட்டு மறுபடி கத்தியை எடுத்தார்.

நவம்பர் 14, வியாழன்

எமெட் எங்கள் அறைக்கு வந்து ஒருவாரம் ஆகிறது. பயிற்சியில் தூரத்திலிருந்து பார்த்தேன். வெயிலே இல்லை, கண்ணைச் சுருக்கிக்கொண்டு நின்றான்.

நவம்பர் 16, சனி

நாளை ஒரு மணிக்கு ஆட்டம். எமெட்டின் முதல் அடிக்கு ஆகிற நேரத்தை வரைந்து, அந்த ஒரே படத்தை அச்செடுத்து வைத்திருக்கிறேன். பத்து ஆட்டம், பத்துப் புள்ளி. முதல் ஐந்து ஒரே நேர்கோடு. ஆறாவதிலிருந்து ஏறுகிறது. குழந்தைக்கும் புரியும்.

நவம்பர் 17, ஞாயிறு

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

எனக்கு மைதான ஓரத்துக்குப் போகிற அனுமதி இல்லை. மேல்மாடிக் கண்ணாடி அறைதான் என் இடம். பதினொன்றரைக்கு வார்ம்-அப் நடக்கும்போது, பயிற்சியாளருக்குத் தாள் கொடுக்கப்போகிறேன் என்று பாதுகாவலரிடம் பொய் சொல்லி இறங்கினேன். மைதானத்துக்குப் போகிற சுரங்கப்பாதையில் வேட்டின் குரல் கேட்டது. அவர் கடந்து போகும்வரை தண்ணீர்ப் பெட்டிகளுக்குப் பின்னால் நின்றேன்.

லீக் அனுப்பியிருந்தவர் டாக்டர் ஹாலந்து, அறுபது வயதுப் பெண்மணி. சிவப்புத் தொப்பி. தாளை நீட்டினேன். "எழுபத்தேழாம் நம்பர். அக்டோபர் 13-ம் தேதி தலையில் அடி. வாந்தி. கேட்டதையே கேட்கிறான்" என்று மட்டும் சொன்னேன்.

அவர் தாளை மேலிருந்து கீழே ஒருதடவைதான் பார்த்தார். "நீ யார்?"

"எண்கள் பார்க்கிறவள்."

"இது உனக்கு எப்போதிலிருந்து தெரியும்?"

"அன்றையிலிருந்து."

அவர் பார்த்த பார்வையைத்தான் மறக்கமுடியாது. நேராக மைதானத்துக்குள் நடந்தார். எமெட்டின் கவசப் பட்டையைப் பிடித்து நிறுத்தினார். அவன் உயரத்துக்கு அவர் அவன் நெஞ்சுக்குத்தான் வந்தார். ஓரத்தில் இருந்த நீலக் கூடாரத்துக்குள் அழைத்துப் போனார். ஏழு நிமிஷம். வெளியே வரும்போது எமெட்டின் கையில் ஹெல்மெட் இல்லை, டாக்டர் கையில் இருந்தது. தலைமைப் பயிற்சியாளர் ஓடிவந்து கத்தினார். டாக்டர் அசையவில்லை.

எமெட் சுற்றிப் பார்த்தான். சுரங்கப்பாதை வாசலில் என்னைப் பார்த்தான். புரிந்துவிட்டது அவனுக்கு.

பிறகு ஆம்புலன்ஸ் வந்தது. நடந்தே ஏறினான்.

தோற்றோம். 38-6. எறிகிறவனை ஏழு தடவை மண்ணில் வீழ்த்தினார்கள். முதலாளியின் கேள்விக்கு நான் எழுதிய பதில் கச்சிதமாகச் சரி.

நவம்பர் 18, திங்கள்

டெல்ஃபின் பேசினாள். மண்டைக்குள் இரண்டு பக்கமும் ரத்தம் தேங்கியிருந்ததாம். நேற்று மாலையே ஓட்டை போட்டு எடுத்துவிட்டார்கள். கண் விழித்துவிட்டான். நேற்று இன்னொரு மோதல் பட்டிருந்தால் மைதானத்திலேயே முடிந்திருக்கும் என்றார்களாம்.

அழுது முடித்துவிட்டு, அன்றைக்கு ஏன் தெரியாது என்றீர்கள் என்று கேட்டாள். பயமாக இருந்தது என்றேன். பிறகு போனை வைத்துவிட்டாள்.

நவம்பர் 20, புதன்

வேலை போயிற்று. காரணம், அனுமதியில்லாத இடத்துக்குப் போனது. அறுபது நாளில் வேறு வேலை கிடைக்காவிட்டால் நாட்டைவிட்டுப் போகவேண்டும். வேட் வாசல்வரை கூட வந்தார். "சரியான காரியம்தான் செய்தாய்" என்றார், யாருக்கும் கேட்காதபடி. பக்கத்தில் ஆள் வந்ததும் அடையாள அட்டையை வாங்கிக்கொண்டார்.

நவம்பர் 30, சனி

எமெட் வீட்டுக்குப் போனேன். டெல்ஃபின்தான் வரச்சொன்னாள். மொட்டைத்தலை, இரண்டு பக்கமும் தையல். நாற்காலியில் போர்வை போர்த்தி உட்கார்ந்திருந்தான். இன்னும் பெரிய ஆளாகத்தான் இருந்தான், ஆனால் பேசுவதற்குமுன் வார்த்தையைத் தேடினான். ஆடக்கூடாது, இனி எப்போதுமே, என்று சொல்லிவிட்டார்களாம்.

தோற்ற இரண்டு ஆட்டங்களின் விவரம் கேட்டான். சொன்னேன்.

"நான் நின்றிருந்தால் ஜெயித்திருப்போம்."

"ஆமாம்" என்றேன். பொய் சொல்லத் தோன்றவில்லை.

"என்னிடம் முதலில் சொல்லியிருக்கலாம். மாசக்கணக்கில் உன் அறைக்கு வந்தேன். தினமும் பார்த்தாய்."

"சொல்லியிருந்தால் நிறுத்தியிருப்பாயா?"

அவன் ஜன்னல் பக்கம் பார்த்தான். "மாட்டேன். நாளைக்குக் கூப்பிட்டாலும் போவேன்." போர்வையை இழுத்துவிட்டுக்கொண்டு, "ஆனாலும் சொல்லியிருக்க வேண்டும்" என்றான்.

சரிதான். காரில் வரும்போது, எமெட் என்ன சொன்னான் என்று அத்தான் கேட்டார். நல்லா இருக்கான் என்றேன்.

டிசம்பர் 8, ஞாயிறு

மறுபடியும் தோல்வி என்று கடையில் யாரோ பேசிக்கொண்டார்கள். வெங்காயம், மல்லித்தழை, பெட்டி கட்ட இரண்டு டேப்பு.

டிசம்பர் 18, புதன்

வேறொரு அணியிலிருந்து அழைப்பு. மேற்குக் கடற்கரை. ஆய்வுப் பிரிவுத் தலைவர் வீடியோவில் பேசினார். இளைஞர், மரியாதையானவர். மருத்துவர்களுக்கும் முந்தி நான் கண்டுபிடித்த விஷயம் இந்தத் தொழிலில் எல்லாருக்கும் தெரிந்துவிட்டதாம். விசா பொறுப்பும் அவர்களுடையது. ஒரு சின்னத் தேர்வு மட்டும்: ஒரு அணியின் நான்கு ஆட்டங்களின் தரவு அனுப்புகிறோம், என்ன தெரிகிறது என்று பார்த்துச் சொல்லுங்கள் என்றார்.

அத்தான் கட்டிய பெட்டியை அவிழ்த்தார். ஒரு மாதத்துக்குப் பிறகு இன்று வயிறு நிறையச் சாப்பிட்டோம்.

டிசம்பர் 19, வியாழன்

நாற்பது நிமிஷம்கூட ஆகவில்லை. ஐம்பத்து நான்காம் நம்பர், நடுவில் நின்று தடுக்கிறவன். இரண்டாவது ஆட்டத்தின் கடைசியிலிருந்து திரும்புவது தாமதமாகிறது, இடது பக்கம் மட்டும். படத்தில் போட்டால் எமெட்டின் கோடும் இவனுடைய கோடும் அண்ணன் தம்பி மாதிரி இருக்கின்றன. பெயரைத் தேடினேன். இருபத்து மூன்று வயது. பெயர் டோபின்.

அவன் என்னை அழைத்த அணியின் ஆட்டக்காரன் இல்லை. ஞாயிற்றுக்கிழமை அவர்களை எதிர்த்து ஆடப்போகிற அணியின் ஆள்.

நான்கு மணிக்கு அந்த இளைஞரைக் கூப்பிட்டேன். எல்லா அணியின் தரவும் எல்லா அணிக்கும் கிடைக்கும், அதில் தப்பு எதுவுமில்லை என்றார். பிறகு, "யாராவது தெரிகிறார்களா?" என்றார்.

"தெரிந்தால் என்ன செய்வீர்கள்?"

"பந்தை எடுத்துக்கொண்டு அவன் பக்கமாக ஓடுவோம்." சொல்லும்போது குரலில் எந்த மாற்றமும் இல்லை. சந்தைக்கு எந்த வழியாகப் போகலாம் என்று சொல்வது போலச் சொன்னார். "அந்தப் பக்கம்தானே திறந்திருக்கும்."

எனக்கு வேர்த்தது. அவர் சொன்னதற்காக மட்டும் இல்லை. எந்தப் பக்கம், எத்தனை அடி தள்ளி, எந்தத் திட்டத்தில் ஓடினால் டோபினால் திரும்பவே முடியாது என்று நான் ஏற்கெனவே மனசுக்குள் கணக்குப் போட்டு முடித்திருந்தேன். யாரும் கேட்காமலே. அதுதான் பயம்.

இதற்கு நான் வரமாட்டேன் என்றேன். யோசித்துச் சொல்லுங்கள், நாளைவரை நேரம் இருக்கிறது என்றார்.

அத்தான் சமையலறை வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டிருக்கிறார்.

டிசம்பர் 20, வெள்ளி

காலை ஒன்பதுக்கு ஆட்டக்காரர்கள் சங்கத்துக்குப் போன் செய்தேன். மூன்று இடத்துக்கு மாற்றிவிட்டார்கள். கடைசியில் மருத்துவப் பிரிவில் ஒரு பெண் எடுத்தார். அணியின் பெயர், ஆட்டக்காரன் பெயர், எந்த ஆட்டம், எத்தனையாவது நிமிஷம் என்று சொன்னேன். கோடு போட்ட படத்தையும் அனுப்பினேன். நிறுத்தி நிறுத்தி எழுதிக்கொண்டார். ஞாயிற்றுக்கிழமைக்கு முன்னால் அவனை ஸ்கேன் எடுக்க வைப்போம் என்றார்.

பிறகு சொன்னார்: "தகவல் கொடுத்தவர் பெயர் கட்டாயம் இல்லை. பெயர் இருந்தால் அணி மறுக்கமுடியாது. ஆனால் அணிகளுக்கும் தெரிந்துவிடும். அதையும் சொல்லிவிடுகிறேன்."

தெரிந்தால் எந்த அணியும் இனி என்னைத் தொடாது. தேர்வுக்குக் கொடுத்த தரவை வெளியே விட்டதாக வழக்கும் போடலாம். அத்தான் மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். தண்ணீரை என் பக்கம் நகர்த்தினார்.

குடித்துவிட்டு, செண்பகவல்லி ஆவுடையப்பன் என்று முழுப்பெயரையும் சொன்னேன். அந்தப் பெண்ணுக்குப் பிடிபடவில்லை. எழுத்தெழுத்தாகச் சொல்லச் சொன்னார். மெதுவாக, ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னேன்.